சம்பந்தி தேய்த்த பாசல் காசு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் சுவிட்சர்லாந்தின் பழைய காசுகளைப் பார்த்துச் சொல்லத் தெரியும். அந்தக் காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் தனி வெள்ளிக் காசு. கரடி இருந்தால் பெர்ன், சிங்கம் இருந்தால் சூரிச், சேவல் தலையும் பாம்பு வாலுமாக ஒன்று நின்றால் பாசல். மகன் ஆபீஸ் வேலையாக அங்கே போய்விட்டு, சர்க்கரை வியாதிக்காரியான எனக்குச் சாக்லேட் வாங்கி வந்தான். நான் போட்ட சத்தத்தில் அடுத்த தடவை வாங்கி வந்ததுதான் பாசல் காசு. பைத்தியம் அப்படிப் பிடித்தது.

கரடி பிறகு சேர்ந்தது. சிங்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மகன் குடியிருக்கும் கேட்டி ஊர் நூலகத்தில் சனிக்கிழமை கூடும் காசுக்காரர்களில் ஒரு அமெரிக்கத் தாத்தாவிடம் அது இருந்தது. என் பாசல் காசு வயதாகி மயில் கழுத்து நிறத்தில் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்காகவே சிங்கத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். துடைத்துவிடக் கூடாது என்று மருமகளிடம் மூன்று தடவை சொன்னார்.

சனிக்கிழமை மாற்ற எடுத்துப்போக வசதி என்று பூஜை அலமாரியில் வைத்தது நான்தான். என் மேலேயே எனக்கு அந்தக் கோபம் தனி. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தால், சென்னையிலிருந்து வந்திருக்கும் மருமகளின் அம்மா, குங்குமச் சிமிழோடு என் காசையும் விபூதி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். புது எவர்சில்வர் மாதிரி மின்னியது.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க சம்பந்தி?"

"எவ்ளோ அழுக்கு! கை வலிக்க அரை மணி நேரம் தேய்ச்சேன்."

"எத்தனையோ தலைமுறை அழுக்கு. அரை மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே, கெட்டிக்காரிதான்."

"தேங்க்ஸ் சம்பந்தி" என்றார்.

சனிக்கிழமை தாத்தா லென்ஸைக்கூட எடுக்கவில்லை. சிங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காரில் மருமகள் கெஞ்சினாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. தெரியாமதானே பண்ணிட்டாங்க."

"தெரிஞ்சு பண்ணிருந்தா நாலு வார்த்தை திட்டியாவது ஆறிடுவேனேடி!"

வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் மோர் கூட இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விபூதி டப்பாவோடு என் அறை வாசலில் நின்றார் சம்பந்தி.

"அந்தக் கரடிக் காசையும் குடுங்க, பளிச்சுனு ஆக்கிடறேன்."

பல்செட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பல் இல்லாமல் நான் பேசுவது யாருக்கும் புரியாது. அன்று மனசு ஆறும்வரை பேசினேன்.