இரண்டாவது பொட்டலம்

சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தை அறியாதவர் நம்மில் குறைவு. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி, ஆண்டவன் பாதத்தில் வைத்து எடுக்கிறோம். ஒன்றைப் பிரிக்கிறோம். வெள்ளை வந்தால் ஒரு பதில். சிவப்பு வந்தால் வேறொரு பதில்.

சரி... பிரிக்காமல் விட்ட பொட்டலம் என்ன ஆகிறது?

இத்தனை வயதில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை வடபழனி முருகன் கோயிலில் ஒரு பெண் கேட்டாள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தியாகராய நகரில் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர் சங்கரலிங்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பாத்திரக் கடை வைத்து நிலைத்தவர். அவருடைய கடைசி மகள் கோமதி, கணிதத்தில் பட்டம் பெற்று, அடையாற்றுப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பம்பாயில் இதே துறையில் பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அதே சமயத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு வரனும் வந்திருக்கிறது. வேலைக்குப் போகிற மருமகள் வேண்டாம் என்பது பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. ஆக, பம்பாய் அல்லது தூத்துக்குடி. இரண்டும் சேர்ந்து இல்லை.

வீட்டில் இந்தப் பேச்சு முற்றியிருந்த சமயத்தில்தான் கோமதி என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தாள்.

“கதை சொல்ற மெஷின் ஒண்ணு இருக்கு மாமா. நீங்க வாராவாரம் எழுதறவங்க. கட்டாயம் பாக்கணும்.”

பஸ் ஏறிப் போனேன். பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போன்ற ஒரு யந்திரம். அதனோடு இணைத்த ஒரு தட்டச்சுப் பொறி. திரை கிடையாது. நாம் எழுத்தைத் தட்டினால், பதிலை அது தானாகவே காகிதச் சுருளில் அடித்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் இப்படி எழுத்தாலேயே ஆடும் கதை விளையாட்டுகள் வந்திருக்கின்றனவாம். அதைக் கேள்விப்பட்டு, கோமதியோடு வேலை செய்யும் ரகு என்கிற மயிலாப்பூர் இளைஞர் தாமே ஒன்று எழுதியிருந்தார்.

“உக்காருங்கோ மாமா. நீங்கதான் இதுல ஹீரோ. என்ன பண்ணணும்னு நீங்களே தீர்மானம் பண்ணலாம்” என்றார்.

என்னுடைய அரைகுறை ஆங்கிலத்துக்கு எட்டிய வரையில் கதை இதுதான்: நீ ஒரு நதிக்கரையில் நிற்கிறாய். இடப்பக்கம் ஒரு படகு, வலப்பக்கம் ஒரு பாலம். என்ன செய்யப் போகிறாய்?

என்ன செய்யப் போகிறேன்! கதையில் இதுவரை என்னை யார் அப்படிக் கேட்டது? மற்றவர் எழுதியதைப் படித்து, அழவேண்டிய இடத்தில் அழுது பழகியவன் நான். பாலம் என்று தட்டினேன். பாதி வழியில் பாலம் முறிந்தது. வெள்ளம் என்னை அடித்துக்கொண்டு போய், அக்கரையில் ஒரு பாழ் வீட்டின் வாசலில் ஒதுக்கியது. வீட்டினுள்ளே யாரோ விளக்கேற்றிக் காத்திருந்தார்கள்... சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு வியர்த்துவிட்டது.

அடுத்தபடியாகக் கோமதி உட்கார்ந்தாள். படகு என்று தட்டினாள். படகு கவிழ்ந்தது. வெள்ளம். அக்கரை. அதே பாழ் வீடு.

அவள் என் காகிதத்தையும் தன் காகிதத்தையும் சுருளிலிருந்து கிழித்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பாழ் வீடு வரும் வரியிலிருந்து கீழே ஓரெழுத்துக்கூட மாற்றமில்லை.

“என்ன ரகு, ரெண்டு வழியும் ஒரே வீட்டுக்குத்தான் போவுது?”

“மெஷின்ல இடம் இல்லே கோமதி. ரெண்டு வீடு வைக்க முடியாது.”

“அப்புறம் எதுக்குப் படகா, பாலமான்னு கேக்கறீங்க?”

ரகு சிரித்தார். “கேட்டாத்தானே ஆடறவாளுக்குத் தானே தீர்மானம் பண்ணினாப்ல இருக்கும்? ஒரு தடவை ஆடிட்டு எழுந்து போயிடுவா. இன்னொரு வழியை யார் திரும்பிப் பாக்கப் போறா?”

“நான் பாத்தேனே” என்றாள் கோமதி. அவள் சிரிக்கவில்லை.

ரகுவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வீட்டுக்கு வந்தவரிடம், “காப்பியா, மோரா?” என்று உபசாரமாகக் கேட்கிறோம் - உள்ளே காப்பிக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்வதென்று சங்கரலிங்கம் தீர்மானித்திருந்தார். பெரியவனாக உடன் இருக்கவேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். கோயில் வாசலில் அரளியும் நந்தியாவட்டையும் வாங்கியவர், அரளியை மட்டும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

பூக்கார அம்மாள் கூவினாள்: “இன்னா நைனா, வெள்ளப் பூவ வுட்டுட்டுப் போய்க்கினே கீறியே! துட்டு குட்த்தியே, பூவு வேணாமா?”

“இருக்கட்டும், சாமிக்குப் போடும்மா” என்றார் அவர், திரும்பிப் பாராமல். நினைவெல்லாம் மகளிடத்தில் இருக்கிறது போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். வேறு எங்காவது வெள்ளைப் பூ வாங்கியிருப்பார் என்றும் எண்ணிக்கொண்டேன்.

மண்டபத்துத் தூணின் மறைவில் அவரே பொட்டலம் கட்டினார். வெள்ளை என்றால் பம்பாய். சிவப்பு என்றால் தூத்துக்குடி. குருக்கள் இரண்டையும் முருகன் பாதத்தில் வைத்து எடுத்து, தட்டை நீட்டினார்.

“நீயே எடு தாயி” என்றார் சங்கரலிங்கம். “நாளைக்கு அப்பா சொல்லித்தான் கெட்டேன்னு ஒரு சொல் வந்துரக் கூடாது.”

கோமதி கண்களை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு அரளி.

அவளுடைய தாயார் செல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “முருகா! சொல்லிட்டியே அப்பனே!” குங்குமம் எடுத்து மகளின் நெற்றியில் வைத்தார். கோமதி அசையவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அந்தப் பொட்டலத்தையும் பிரிங்க.”

“அது முறையில்ல தாயி. சாமி சொன்னதுக்கு அப்புறம் அதைத் தொடக்கூடாது.”

“பிரிங்கப்பா.”

“என்னட்டி இது, கோயில்ல வந்து வம்பு?” என்றார் செல்லம்மாள். “சாமியையே சந்தேகப்படுதியா? இந்தா, நானே பிரிச்சுக் காட்டுதேன். அப்பவாவது ஒன் மனசு அடங்குதான்னு பாப்போம்.”

பிரித்தார்.

சிவப்பு அரளி.

செல்லம்மாள் பூவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “ஏங்க... என்னதுங்க இது?”

சங்கரலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது பேர் வேலை செய்யும் கடையில் சத்தம் போட்டுப் பேசியே பழகிய மனிதரின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“சாமி மேல நம்பிக்கை இல்லாம இல்ல அண்ணாச்சி. சாமி தப்பா எடுத்துக் குடுத்துட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன்.”

நான் குனிந்து கொண்டேன்.

கோமதி அவர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. இரண்டு அரளியையும் அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“பூ வேண்டாம்ப்பா. உங்க வாயால சொல்லுங்க. போகாதேன்னு சொல்லுங்க. நான் போகல.”

நண்பர்களே, பூவைக் கட்டத் துணிந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. முருகனைப் பார்த்தார் - அந்தப் பக்கத்திலிருந்து உதவி எதுவும் வருவதாகத் தெரியவில்லை. மறைந்துகொள்ள ஒரு பொட்டலம் இருந்தவரையில் மகளின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட அவரால் முடிந்தது. தன் பெயரைப் போட்டுத்தான் எழுதவேண்டும் என்று ஆனபோது, கை ஓடவில்லை.

தீபாராதனை மணி அடித்தது. கூட்டம் எங்களைத் தாண்டி முன்னே நகர்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. செல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சங்கரலிங்கம் மகளைப் பார்த்துக் கேட்டார்.

“ரயிலு என்னைக்கு?”

கோமதி இப்போதுதான் அழுதாள்.

வரும் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறாள். தூத்துக்குடிக்குச் சங்கரலிங்கமே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. மகளுக்கென்று கடையிலிருந்து ஒரு சின்ன குக்கரும் இரண்டு தட்டுகளும் எடுத்து வந்து, தம் கையாலேயே துடைத்து, துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி நிலையத்து ரகுவுக்கும் இந்தச் செய்தி போயிருக்கிறது. இரவெல்லாம் கண்விழித்து, தம் கதையில் பாலத்துக்கு அப்பால் வேறொரு வீடு கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி!