பசை கழுவிய தண்ணீரும் என் நாக்கும்

என் நாக்கின்மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆம்பூரில் இருபது வருடம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவன் நான். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரே வழிதான். விரலை நனைத்து நாக்கில் வைப்போம். கரித்தால் தோல் கம்பெனித் தண்ணீர் இறங்கிவிட்டது, கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட பஜ்ஜியைத் தொடாமல் முதலில் தண்ணீரைத்தான் குடித்துப் பார்த்தேன். என் மனைவி அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

டேனரியை விட்டு ப்ளைவுட் மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது அப்பாடா என்றிருந்தது. மரம்தானே, அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? மரத்தகடுகளுக்குப் பசை தடவும் ரோலரை ஷிப்ட் முடிந்ததும் கழுவுவோம். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பின்பக்கத்து மண்குழிக்குப் போகும். குழியை ஒட்டி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்காவின் கிணறு. சுற்றியிருந்த கிணறெல்லாம் உப்பாகிப்போக, தப்பித்த ஒரே கிணறு அது.

ஒருநாள் காலை அக்கா வேலியோரம் நின்று கூப்பிட்டார். "தம்பி, தண்ணில ஒரு மாதிரி மருந்து நாத்தம் அடிக்குது. பொண்ணு ஏழு மாசம், தலப்பிரசவத்துக்கு வந்துக்கீது. இன்னான்னு வந்து பாரேன்."

போனேன். ஒரு வாளி இறைத்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். லேசாக ஏதோ நெடி இருந்தது. ஆனால் உப்பு இல்லையே! "சுத்தமா கரிக்கலக்கா. சும்மா பேஜார் பண்ணாத. தாராளமா குடிக்கச் சொல்லு" என்றேன். அக்கா அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

மனுவை விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். மதியம் மூன்று மணி, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. "பாத்துக்கோங்க மேடம், ஒரு சொட்டு கூட இல்ல. டீ சாப்ட்டு கெளம்புங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஷிப்ட் எத்தன மணிக்கு முடியும்ணா?"

ஆறு என்றேன். "சரி, இருக்கேன்" என்று மரத்தகட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம்! டீயைத் தொடவில்லை. முதலாளி யாருக்கோ போன் போட்டு மேடத்திடம் நீட்டினார். "சாம்பிள் எடுத்துட்டுப் பேசறேன்" என்றார், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு ரோலரைக் கழுவினார்கள். செந்நிறமாக ஓடிவந்த தண்ணீரை மேடம் கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "வீணா அலையறீங்க மேடம். உப்பே இல்ல, பாருங்க" என்று வாய்க்காலில் விரலை விட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வெக்காதீங்கண்ணா! உப்பு கரிக்கறது தோல் கம்பெனி தண்ணி. இது பசைத் தண்ணி. இதுல இருக்கற விஷம் கரிக்காது."

அவர் என்னைத் திட்டவில்லை, எனக்காகப் பயந்துபோயிருந்தார். என் திமிர் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மேடம் அக்கா கிணற்றிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். அதிலும் பசைத் தண்ணீர் இறங்கியிருந்ததாக ரிப்போர்ட் வந்தது. மில்லுக்குப் பூட்டுதான் என்று நினைத்தோம். மேடம் பசை வேலையை மட்டும் நிறுத்தி, குழி மண்ணை அள்ளவைத்து, சிமெண்ட் தொட்டி கட்டவைத்தார். கழுவிய தண்ணீரை வெளியே விடாமல் மறுநாள் பசை கலக்க ஊற்றச் சொன்னார். இவ்வளவு லேசான வழி எங்கள் மரமண்டைகளில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கிணறு தேறும்வரை அக்கா வீட்டுக்கு மில் செலவில் தினமும் லாரித் தண்ணீர். அதோடும் விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சரியாக ஆறு மணிக்கு வந்து வாய்க்கால் ஓரம் நிற்பார். அம்மாடி, என்ன பிடிவாதம்! அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்குப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

ஒருவழியாகக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும், இத்தனை மாதம் என்னைத் தின்றுகொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "நான் சொன்னத நம்பி பொண்ணு எத்தன நாள் குடிச்சுதுக்கா?"

"ஒரு நாள்கூட இல்ல. பஞ்சாயத்து கொழாயிலருந்து நான் தூக்கினு வந்தேன்."

"நான்தான் நல்ல தண்ணின்னு சொன்னேனே?"

"சொன்ன. ஆனா நாக்குல வெச்சப்போ மூஞ்சிய சுளிச்சிக்கின. அத நான் பாத்துட்டேன்."

கிணற்றிலிருந்து இறைத்து ஒரு சொம்பு நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.