முப்பத்திரண்டு அங்குலம்

போன கிழமை கல்முனை பஸாரில் மழைக்கு ஒரு தளபாடக் கடைக்குள் ஒதுங்கினேன். குசினியில் வைக்கிற லாச்சிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒரு லாச்சியை இழுத்து மூக்கை உள்ளே விட்டேன். மரவேலை ஓடாவியாக இருந்தவனின் கெட்ட பழக்கம், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மரவாசம் இல்லை, வெறும் பசை நாற்றம். உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே உயரந்தான் காக்கா."

எனக்கு ஜெசீமா ராத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அவரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. சுனாமி அவரைக் கொண்டுபோனது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு வயற்பக்கமாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். குசினி என்றால் நாலு சுவரும் ஒரு யன்னலும். ராத்தாவின் புருஷன் முபாறக் காக்கா மூன்று லாச்சி வைத்து அடிப்பெட்டி ஒன்று செய்து தரச் சொன்னார். எனக்கோ அப்போது புதுமாப்பிள்ளைத் திமிர். தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. சமைக்கிறவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே மேற்பலகை வரவேண்டும், இல்லாவிட்டால் குனிந்து குனிந்து நாரி முறிந்துபோகும் என்று பெரிதாக விளக்கிவிட்டு, "ஆர் காக்கா சமைக்கிற?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

பதில் சொன்னது மகள் நஸ்ரின். பத்து வயது இருக்கும்.

"உம்மாட அளவுக்குச் செய்ங்க மாமா. உம்மா வந்தா சமைக்கணும்தானே."

அலை எங்கோ ஒதுக்கிவிட்டது, ஞாபகம் தப்பி எந்த ஊரிலோ இருக்கிறார், தெளிந்ததும் வருவார் என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது. தகப்பன் மறுத்துப் பேசவில்லை. தன் நெஞ்சில் கையை வைத்து, "இஞ்ச வரைக்கும் வருவா" என்றார். பிறகு கையைக் கொஞ்சம் இறக்கி, "இல்ல, இஞ்ச" என்றார். மறுபடி உயர்த்தினார். பத்து வருஷம் கூட வாழ்ந்த மனுசியின் உயரம் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு அவரைப் பார்க்க முடியாமல் இருந்தது.

"தையல்கார மாமி வீட்ட உம்மாட அபாயா கிடக்கு" என்றாள் நஸ்ரின்.

ஓரம் மடிக்கக் கொடுத்தது, மடித்து வைத்தும் வாங்க ஆள் வரவில்லை. அதை வாங்கி வந்து புதுக் குசினிச் சுவரில் ஆணியடித்து, ஓரம் தரையில் பட்டும் படாமலும் தொங்கவிட்டேன். கையைப் பாதியாய் மடித்து முழங்கை வரும் இடத்தைக் குறித்து, நாலு அங்குலம் கழித்தேன். முப்பத்திரண்டு. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால், முபாறக் காக்கா வாசல்படியில் குந்தி அழுதுகொண்டிருந்தார்.

பெட்டியை முதிரை மரத்தில் செய்தேன். சட்டம் நேர், மூலை நேர், எல்லாம் நேர். லாச்சிக்கு இடைவெளி விடத்தான் மறந்தேன். மாரி மழைக்கு மரம் ஊதி, மூன்றும் இறுகிவிட்டன. புதுமாப்பிள்ளைத் திமிர் அத்தோடு போயிற்று. வருஷா வருஷம் மாரிக்கு லாச்சிகளைச் சீவிவிடச் சீவுளியோடு அந்த வீட்டுக்குப் போவது எனக்கு வழக்கமாகியது.

அப்படிப் போன முதல் தடவையே குசினியில் ராத்தாவின் தங்கச்சி நின்றார். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று அவரைத்தான் முபாறக் காக்காவுக்கு நிக்காஹ் செய்து வைத்திருந்தார்கள். அக்காவைவிட நல்ல உயரம். வளைந்து வளைந்து வெங்காயம் அரிந்தார். அடியில் கட்டை வைத்து உயர்த்தித் தரவா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. ராத்தாட அளவு அது. அப்படியே இரிக்கட்டும்."

அடுத்த மாரிக்கும் கேட்டேன். அதே பதில்.

பிறகு யுத்தம் முடிந்தது. வடக்கில் முகாம்களில் சனம் அடைந்து கிடக்கும் படங்கள் பேப்பர்களில் வந்தன. அந்த மாரிக்கு நான் போனபோது நஸ்ரினுக்குப் பதின்மூன்று வயது. நடு லாச்சியைக் கழற்றினால், அதற்குள் பேப்பர் துண்டுகள். கம்பி வேலிக்குப் பின்னால் நிற்கும் பெண்களின் படங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி. உம்மாவைத் தேடி ஒரு முகத்தையும் அவள் விடவில்லை.

நான் பார்த்ததை அவள் கண்டாள். துண்டுகளை அள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உயத்தி வைங்க மாமா. சாச்சிக்கு நாரி நோவுது."

"வேணாம் மகள், உம்மாட அளவு..." என்றார் தங்கச்சி.

"உம்மா வரமாட்டா சாச்சி."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை முதலில் சொன்னது அவள்தான். தங்கச்சி அப்படியே தரையில் குந்தி ஓவென்று அழுதார். "ராத்தா, ராத்தா" என்று ஐந்து வருஷத்து அழுகை. நஸ்ரின் அழவில்லை, சாச்சியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் நாலு மூலைக்கும் மூன்று அங்குலக் கட்டை வைத்து உயர்த்தினேன். அரை மணித்தியால வேலை. ராத்தாவின் படங்களெல்லாம் பழைய வீட்டோடு கடலுக்குப் போய்விட்டன. போய் நின்று ஸலாம் சொல்ல, அடக்கம் செய்த ஒரு கபுறும் கிடையாது. அந்த அபாயாவை விட்டால், உலகத்தில் அவருடையதென்று மிஞ்சியிருந்தது ஓர் உயரம் மட்டும். அதை என் கையாலேயே அழித்துவிட்டு, லாச்சி மூன்றும் சரியாக ஓடுகின்றனவா என்று இழுத்துப் பார்த்தேன்.