சோதனைச் சாவடியில மூண்டு சில்லுச் சைக்கிள்

நிலத்துக்குக் கிட்டப் பதிவாச் சாய்ஞ்சு இருந்து மிதிக்கிற என்ரை மூண்டு சில்லுச் சைக்கிளைப் பார்த்துச் சிரிச்ச ஆக்களுக்குத்தான் இது.

நாரி, முதுகு நோகாது, ஏத்தத்தில எவ்வளவு மெதுவாப் போனாலும் சரியாது எண்டு முந்தியே சொன்னனான். இண்டைக்கு இன்னொண்டு கண்டுபிடிச்சன்.

பேராதனை றோட்டுச் சோதனைச் சாவடியில சைக்கிள்காரர் எல்லாரும் வழமைபோல இறங்கி, அடையாள அட்டையோட வரிசையில நிண்டவை. இண்டைக்கு நான் இறங்கேல்லை.

ஆமிக்காரன் சிங்களத்தில, "இறங்கு" எண்டான்.

"இது நிண்டாலும் விழாது, சேர். இருந்தபடியே காட்டுறன்" எண்டன்.

பின்னால நிண்டவை ஒரு அடி பின்னுக்குப் போச்சினம்.

அவன் சைக்கிளை ஒருக்காச் சுத்திப் பார்த்தான். பிறகு துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிப்போட்டு, எனக்குப் பக்கத்தில குந்தினான். அட்டையில யாழ்ப்பாணம் எண்டதை வாசிச்சிட்டு, "கண்டியில என்ன வேலை?" எண்டான்.

ஒவ்வொரு நாளும் கேக்கிற அதே கேள்விதான். ஆனா குந்தியிருந்து கேக்கேக்க, பக்கத்து வீட்டுக்காரன் சுகம் விசாரிக்கிற மாதிரிக் கிடந்தது.

இத்தனை வருசமா அந்த இடத்தில குனிஞ்சு நிண்டது நான்.

இரண்டு சில்லுக்காரர், உங்களுக்கு முன்னால ஆர் குந்தினவை? சொல்லுங்கோ பாப்பம்.