வரி கட்டிய சுருட்டு

பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு முதுகெலும்பு இரும்பாக இருக்க வேண்டும். விலையை யார் ஏற்றினாலும் வசவு நமக்குத்தான்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிதில் காஜா பெராங்கில் கடை நடத்தினேன். அரிசி, துணி துவைக்கும் சவர்க்காரம் எல்லாம் இருந்தாலும் கடை ஓடியது சுருட்டாலும் ரொக்கோவாலும்தான். ரொக்கோ என்றால் சிகரெட். எங்கள் பக்கம் அதற்கு வேறு பெயர் கிடையாது. புகையிலைக்கு வரி ஏறிய கையோடு, உஜோங் பாசிரில் படகு வைத்திருந்த ஒருவர் வந்து, வரி கட்டாத சரக்கை மலிவாகத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எதிர்க்கடைக்காரர் வேண்டும் என்றார். அன்றிலிருந்து என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடக்க ஆரம்பித்தார்கள். கடையை இழுத்து மூட வேண்டியதுதானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கடை வைத்துப் பிழைத்தவர்களே, அந்தப் பயம் உங்களுக்குத் தெரியாததா?

ஆஸ்பத்திரி கட்டியவர்

மாணிக்கம் அண்ணனுக்கு ரோட்டுக்குத் தார் போடும் வேலை. காலையில் என் கடை வாசலில் தொங்கும் கயிற்று நெருப்பில் சுருட்டைப் பற்றவைத்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். புது விலையைக் கேட்டதும், “வெள்ளைக்காரன் காலத்துலகூட இப்படி இல்லையே!” என்று குதித்தார்.

“இப்ப நம்ம நாடு அண்ணே. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நாமதானே கட்டணும்? அரிசிக்கா வரி போட்டாங்க? ஊதித் தள்ளுறதுக்குத்தானே?” என்றேன். மேடையில் பேசியதுபோல் எனக்கே பெருமையாக இருந்தது. அவர் ஒரு இழுப்பு இழுத்து, புகையை நிதானமாக விட்டார்.

“டின் டின்னா ஊதுற தவுக்கே முதலாளிக்கு இது வலிக்காது. தார்ச்சட்டி தூக்குற எனக்கு இருக்கிறது இந்த ஒரு சுகம்தான். உங்க ஆஸ்பத்திரியை நான் ஒருத்தனே கட்டணுமா தங்கச்சி?”

வீட்டுச் சட்டம்

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏழையின் சுருட்டுக்கும் பணக்காரன் டின்னுக்கும் ஒரே மாதிரி வரி போட்டால் எப்படி? அன்று முழுக்க யோசித்தேன். ஆனால் வீட்டுக்குள் கைக்குழந்தை இருமத் தொடங்கியதும் என் யோசனை வேறு பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். வீட்டில் கால் வைத்ததுமே ரொக்கோ வாய்க்குப் போய்விடும், அதுவும் என் கடைச் சரக்கு. இனிமேல் புகை என்றால் வாசலுக்கு வெளியே, கடைச் சரக்கைத் தொட்டால் காசு கொடுத்துத் தொடு என்று சட்டம் போட்டேன்.

மனிதர் மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று ஊதினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சட்டத்தை மட்டும் நான் தளர்த்தவில்லை. குழந்தைக்கு இருமல் குறைந்தபோது அந்தச் சந்தோஷத்தை அவரிடமே போய்ச் சொன்னேன்.

“காட்டுல சண்டை நடந்த அவசரகாலத்துல வெள்ளைக்காரன்கூட ராத்திரிக்குத்தான் ஊரடங்கு போட்டான். நீ பட்டப்பகல்லயும் போடுறியே!”

முனியாண்டிக்குப் போன சரக்கு

மாணிக்கம் அண்ணனும் ஒருநாள் சாலையைக் கடந்துவிட்டார். கண்ணில் பட்டால் குனிந்துகொண்டே போவார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று வந்து நின்றார், முகம் வெளுத்துப்போய். மகளுக்குக் காய்ச்சல் தீர்ந்தால் சுருட்டு வைப்பதாக முனியாண்டிக்கு நேர்ந்திருந்தாராம். எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டுபோய்ச் சாமி முன்னால் பற்றவைத்தால், பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்துவிட்டதாம். படகில் வந்த சுருட்டு கடல் ஈரத்தில் நமத்துப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பேனா?

“காவல் காக்குற சாமிக்கே கள்ளச் சரக்கு வச்சிட்டேன் தங்கச்சி. வரி கட்டுனதா ஒண்ணு கொடு, என்ன விலையானாலும் சரி. சாமிக்கு மட்டும்தான், எனக்கு அந்தக் கடையே போதும்.”

சோதனைக்கு வந்தவர்

என் கடையிலும் கள்ளச் சரக்கு இருப்பதாக யாரோ சொல்லிவிட, சுங்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தமிழர்தான். வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. என்னை விட்டுப் போன வாடிக்கைக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒரு கள்ளச் சுருட்டு அகப்பட்டாலும் லைசென்ஸ் போய்விடும், அதோடு மானமும் போய்விடும். டின்களைத் திறந்தார். அரிசி மூட்டைக்குள் கையை விட்டார். சவர்க்காரப் பெட்டியைக்கூட விடவில்லை. நான் கைகட்டி நிமிர்ந்து நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் எதிர்க்கடைக்காரர் பலகைகளைச் சாத்திப் பூட்டிக்கொண்டு கிளேபாங்கில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன திசையைப் பார்த்துவிட்டு, மாணிக்கம் அண்ணன் முதல் ஆளாக என் கடைப்படி ஏறினார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அதிகாரியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு பாக்கெட் ரொக்கோ கேட்டார். விலையைச் சொன்னேன்.

“அடேயப்பா, மாஹால்லா! இவ்வளவு விலையா! இந்த வரி ரொம்ப அநியாயம்மா. கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கக் கூடாதா?”

வரி போட்டவர்கள், வசூலிப்பவர்கள், கட்டுபவர்கள் எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தவள் நான்தான் என்று இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன், வீட்டுக்காரர் தெருவில் நின்று ஊதிக்கொண்டே சிரித்தாலும் சரி.