ஏழாம் மிதவையின் உச்சியில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மிதவை சுரண்டும் வேலை. கப்பல்கள் தரைதட்டாமல் வருவதற்காக, ஆழமான பாதையின் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாகப் பெரிய இரும்பு மிதவைகளைச் சங்கிலியில் கட்டி விட்டிருப்பார்கள். அதில் சிப்பி ஒட்டும், பறவை எச்சம் படியும். அதையெல்லாம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது இவர். ஒல்லியான மனிதர். யார் எது சொன்னாலும் "சரிங்க" என்பார். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு யாராவது போனால், பொழுது சாய்ந்தாலும் அங்கேயே நிற்பார். ஆண்டவன் இவரைப் படைக்கும்போது "மாட்டேன்" என்ற சொல்லை மட்டும் வைக்க மறந்துவிட்டான்.

இவர்கள் படகில் ஒரு வழக்கம். திரும்பும்போது ஆளை எண்ண மாட்டார்கள், வாளியை எண்ணுவார்கள். வாளி தொலைந்தால் ஆபீசில் கேள்வி வரும். ஆள் தொலைந்து இதுவரை கேள்வி வந்ததில்லை. படகோட்டிக்கே வாளி அண்ணன் என்றுதான் பெயர். அன்று இவர் வாளியைப் படகில் வைத்துவிட்டு, விட்டுப்போன எச்சத்தைச் சுரண்ட ஏழாம் மிதவையில் மறுபடி ஏறினார். வாளிக் கணக்கு சரியாக இருந்தது. படகு போய்விட்டது.

அந்த மிதவையின் உச்சியில் இருந்த அடையாளக் கூம்பு போன மழையில் ஒடிந்து விழுந்திருந்தது. கப்பல்காரர்கள் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் விழாமலிருக்கக் கூம்பு இருந்த இடத்தில் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், அந்தப் பக்கம் வந்த கப்பல், "அடையாளம் இன்று நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டது. ஆபீசில் ஒரே சந்தோஷம். உடனே எல்லாக் கப்பலுக்கும் அறிவிப்புப் போனது: ஏழாம் மிதவையின் உச்சியில் நீலச் சட்டை போட்ட மனித உருவம்.

"கூட்டிட்டு வரத்தான் போனேன் தங்கச்சி, ஆபீசர் விடல," என்றார் வீட்டுக்கு வந்த வாளி அண்ணன். "அவரை இறக்குனா அடையாளத்தை எடுத்த குத்தமாம்."

மறுநாள் கடல் பொங்கும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆபீசுக்கு ஓடினேன்.

"உங்க வீட்டுக்காரரை நம்பித்தாம்மா இப்போ கப்பலெல்லாம் வருது," என்றார் ஆபீசர். "அறிவிப்பை மாத்த மேலதிகாரி கையெழுத்து வேணும். அவர் லீவு. திங்கக்கிழமை வருவார்."

"நாளைக்கே கடல் பொங்குதாமே ஐயா!"

"அப்பதாம்மா அடையாளம் ரொம்ப முக்கியம்."

சாப்பாட்டுத் தூக்கோடு வாளி அண்ணன் படகில் போனேன். இவர் மேலேயிருந்து கையை ஆட்டினார்.

"இறங்கி வாங்க!"

"இருக்கச் சொல்லியிருக்காங்கம்மா. ஒவ்வொரு கப்பலும் ஹாரன் அடிச்சிட்டுப் போகுது. வீட்டுலகூட இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல."

"கப்பல் ஹாரன் அடிக்கும். நாளைக்கு அலை உங்களையே அடிக்கும்."

இவர் முகம் சுருங்கியது. "பயமாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "நீ பேசிப் பாரேன்."

கண்ணை மூடி ஆண்டவனை வேண்டினேன். படகு கரைக்கு வருவதற்குள் ஒரு கேள்வி மனசில் வந்து நின்றது. அவன் போட்டதுதான். எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. நேரே ஆபீசருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அறிவிப்புல இவர் பேர் இருக்கா?"

"இல்லம்மா. நீலச் சட்டை, மனித உருவம். அவ்வளவுதான்."

"அப்போ சட்டையும் உருவமும் இருந்தாப் போதுமா?"

ஆபீசர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "போதும். ஆனா ஒரு நிமிஷம்கூட உருவம் இல்லாம இருக்கக் கூடாது."

இவருடைய இன்னொரு வேலைச் சட்டையில் பழைய வலையைத் திணித்துத் தைத்தேன். வலது கைக்கு வலை பற்றவில்லை, அப்படியே விட்டேன். பொம்மையை முதலில் கட்டி, பிறகுதான் இவரை அவிழ்த்தோம். கொஞ்ச நேரம் அங்கே இரண்டு உருவம் இருந்தது; அறிவிப்பில் ஒன்றுதான். அதைப் பார்க்காமலிருக்க வாளி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் கடல் பொங்கியது. வீட்டு மாடியிலிருந்து பார்த்தோம். ஏழாம் மிதவை குடித்தவனைப் போல ஆடியது. பொம்மை விழவில்லை. காற்றில் அதன் வலது கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இவர் டீயைக் கீழே வைத்தார். எழுந்து நின்று பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"பாவம், இருக்கச் சொன்னாங்கன்னு இருக்கான்," என்றார்.

நான் அதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.