கம்போடியாவில் மூன்று சுற்று

டிராவல்ஸ் வேலை என்றால், நாம் பார்க்காத ஊரை நம்மை நம்பாத ஆளிடம் விற்பது. இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கேள்வி

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் எங்கள் ஆபீஸ். கம்போடியாவில் சண்டை ஓய்ந்துவிட்டது, பிரம்மாண்டமான விஷ்ணு கோயில் பார்க்கலாம் வாருங்கள் என்று முதலாளி நோட்டீஸ் அடித்துவிட்டார். வந்தவர்களில் ஒருவராவது கோயிலைப் பற்றிக் கேட்க வேண்டுமே! கண்ணிவெடி இருக்குமா, ஆளைக் கடத்துவார்களா, தயிர் கிடைக்குமா. "இப்போ எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்போதுதான் மயிலாப்பூர் வேதவல்லி மாமி, ரிடயரான கணக்கு டீச்சர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "நீங்க போயிருக்கேளா?"

ஜாமீன்

நான் அதுவரை பெங்களூரைத் தாண்டியதில்லை. நானும் கூட வந்தால்தான் வருவோம் என்று மாமியும் அவர் சேர்த்த ஒன்பது பேரும் சொல்லிவிட்டார்கள். "பத்துப் பேரையும் முழுசாக் கொண்டுவா, இல்லேன்னா நீயும் வராதே" என்றார் முதலாளி. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிய ஆபீஸ் டிரைவர் தன் பங்குக்குச் சொன்னான்: "சார், அங்க மண்ணுக்கு அடில குண்டு கீதாமே. நீ எல்லாருக்கும் பின்னாடி நடந்துக்கினு வா சார்."

கோயிலுக்கு வந்தால் சுற்ற வேண்டாமா

பெரிய கோயிலில் ஒரு வம்பும் இல்லை. மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே ஓர் இடிந்த சின்னக் கோயில். முன்பக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள், பின்பக்கம் இன்னும் வெடி எடுக்கவில்லை என்று எங்கள் வழிகாட்டி சொக் தெளிவாகச் சொன்னார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். திரும்பி எண்ணினால் ஒன்பது.

மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரதட்சணமாகப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். நாலடி தள்ளி, மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை. நான் போட்ட கத்தலில் தொண்டையே கட்டிவிட்டது. மாமி நின்றார், திரும்பவில்லை. "சுத்தாமப் போறதாவது! மூணு சுத்து, அஞ்சு நிமிஷம். மண்டை ஓடு எங்க தெரு டிரான்ஸ்பார்மர்லயுந்தான் இருக்கு" என்றார்.

சொக் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். வலது கால் மரக்கால். மாமி முகம் வெளுத்துவிட்டது. போன தடத்திலேயே அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தார். வந்ததும் மறுபடி, சுற்றாமல் எப்படிப் போவது என்று ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! "நின்ன இடத்துலயே உங்களை நீங்களே சுத்திக்குங்க மாமி, ஆத்மப் பிரதட்சணம்!" என்றேன். பத்துப் பேரும் பாதையில் நின்றபடி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பார்த்துக்கொண்டே இருந்த சொக், தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்: "எனக்கும் சொல்லித் தாருங்கள். நான் தினமும் இங்கே வருகிறேன்."

நற்சான்று

அடுத்த மாதம் ஆபீஸில் கூட்டம். பயமில்லையே என்று கேட்ட திருவான்மியூர்த் தம்பதிக்கு, என் எதிரிலேயே உட்கார்ந்து மாமி பதில் சொன்னார்: "ஊர் தங்கமான ஊர். இவர்தான் கோயில்ல காட்டுக்கத்தல் கத்தி எங்களைப் பயமுறுத்திட்டார்."

ஆக, அந்த நாட்டுக்கு இருந்த கெட்ட பெயர் போய்விட்டது, எனக்கு வந்துவிட்டது.